திரையில் இல்லாதது இல்லையா?

எங்கள் சபையின் அன்னதான நன்கொடைப் பதிவேட்டை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நான்தான் பராமரிக்கிறேன். அலுவலகத்திலிருந்து அடிக்கடி வரும் குரல்: "அண்ணே, எல்லாம் போச்சு!" படிவத்தைத் திறந்தால் ஒரு பெயரும் இல்லை. சில நேரம் கட்டங்கள்கூட இல்லை, வெறும் பரப்புதான்.

டிசைன் வியூவில் பிராப்பர்ட்டி ஷீட்டைத் திறப்பேன். 'டேட்டா என்ட்ரி' என்பதில் 'யெஸ்' இருந்தால் பழைய பதிவுகளைப் படிவம் காட்டவே காட்டாது. புதிதாக எழுத வெற்றுக் கட்டங்களை மட்டும் நீட்டும். வடிகட்டியதில் ஒரு பதிவும் தேறாமல், 'அலவ் அடிஷன்ஸ்' 'நோ' என்றும் இருந்தால் கட்டங்களே மறைந்துவிடும். அட்டவணையிலோ அத்தனை பேரும் பத்திரமாக இருப்பார்கள்.

காணவில்லை என்பதாலேயே ஒன்றை இல்லை என்று சொல்லிவிடலாமா? நம் தத்துவ மரபு இதை விடாமல் கேட்டிருக்கிறது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, இருக்கும் பொருள் புலப்படாமல் போவதற்கு எட்டுக் காரணங்களை அடுக்குகிறது: மிகத் தொலைவு, மிக அருகு, மறைப்பு, மனம் வேறிடத்தில் இருப்பது முதலியன. குமாரில பட்டரின் மீமாம்சையோ காணாமையையே அறிவுக்கு ஒரு வழியாக ஏற்கிறது; ஆனால், இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிபந்தனையோடு. எனக்கு அந்த நிபந்தனைதான் பெரிதாகப் படுகிறது. கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்பவரும், கண்டேன் என்பவரும், தாம் எந்தப் படிவத்தின் வழியாகப் பார்க்கிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

இப்படிப் பதிவேடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படிவம் வெறுமையாக வந்தால் அட்டவணையைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் பழைய நகலை எடுத்து மேலே ஏற்றிவிடாதீர்கள்.