வெற்றுப் பெட்டிக்குக் காவல்

பேய் உண்டா என்று கேட்டால், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் இல்லாத பேய்க்கு இத்தனை இல்லங்களில் இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், ஒரு சொல் போதாது. முதற்கேள்விக்கு விடை கண்டதோடு தன் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடுகிற பகுத்தறிவு, பாதி வழியில் படுத்துறங்கிய பயணியைப் போன்றது. இரண்டாவது கேள்விதான் நம்மை ஊர் கொண்டு சேர்க்கும்.

அந்தக் கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. அமெரிக்க நாட்டில் 1966 ஜூன் 27 அன்று தொடங்கி, 1971 ஏப்ரல் 2 வரை ஏ.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய ‘டார்க் ஷாடோஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரே அது. கருநிழல்கள் என்று அதற்குப் பொருள் கூறலாம். கிழமைக்கு ஐந்து நாள், பிற்பகலில் அரைமணி நேரம் நடந்த தொடர். இவ்வகைப் பிற்பகல் நாடகங்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் விளம்பரப் பொருள் கொடுத்து வந்ததால், ‘சோப் ஆப்பிரா’ என்ற பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. டார்க் ஷாடோஸ் தொடரின் வரிசை எண் 1245 வரை சென்றது. அவற்றில் ஒரே ஒரு பகுதியின் படம் மட்டுமே தொலைந்துபோக, மற்றவை இன்றும் காணக் கிடைக்கின்றன.

இத்தொடரின் பெயரைச் சொன்னால், பார்னபஸ் காலின்ஸ் என்ற இரத்தக் காட்டேரியைத்தான் எவரும் நினைவுகூர்வர். ஜோனதன் ஃப்ரிட் நடித்த அந்தப் பாத்திரத்தைக் காண, பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். ஆனால் தொடக்கப் பகுதிகளை இன்று மீண்டும் எடுத்துப் பார்ப்பவர் வியப்படைவார். முதல் இருநூறு பகுதிகளில் காட்டேரி இல்லை! பத்துத் திங்கள் வரை அவன் வரவே இல்லை. பேயுருக்கள் தலைகாட்டுவதும் சில காலம் சென்ற பின்னர்தான். அப்படியானால் அச்சம் எங்கிருந்து வந்தது? அந்தக் கருநிழல் எதனுடைய நிழல்?

கதையைப் பாருங்கள். விக்டோரியா விண்டர்ஸ் என்னும் இளம்பெண் இரயிலில் வருகிறாள். பெண்ணொருத்தி இரயிலில் பயணம் செய்வதாகத் தாம் கண்ட கனவே தொடருக்கு வித்து என்று அதனைப் படைத்த டான் கர்ட்டிஸ் கூறியிருக்கிறார். விக்டோரியா ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவள். பெற்றோர் யாரென அறியாதவள். குளிர்காலத்தில் கண்டெடுக்கப்பட்டதால் குளிர்காலத்தின் பெயரையே குடும்பப் பெயராகப் பெற்றவள். மெய்ன் மாநிலக் கடற்கரையில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட காலின்ஸ்போர்ட் ஊருக்கு, காலின்வுட் மாளிகைச் சிறுவனுக்கு வீட்டாசிரியையாக அவள் வருகிறாள்.

ஊரே அம்மாளிகைக்குக் கட்டுப்பட்டது. மீன்பிடி படகுகளும் மீன் பதனிடும் ஆலையும் காலின்ஸ் குடும்பத்தின் உடைமை. கடலில் உழைப்பவர் ஊரார்; குன்றின் மேல் குடியிருப்பவர் குடும்பத்தார். சுவரெங்கும் முன்னோர் ஓவியங்கள். அம்மாளிகையின் தலைவி எலிசபெத் காலின்ஸ் ஸ்டாடர்ட், 18 ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைத்ததில்லை. நிலவறையில் ஓர் அறை. அந்த அறைக்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவி தலைவியின் கையில். உள்ளே என்ன இருக்கிறது? கேட்டால் வாய் திறப்பார் இல்லை.

அந்த வீட்டில் பூட்டிய அறை அது ஒன்றுதானா? இல்லை. தலைவியின் தம்பி ரோஜர் காலின்ஸ் தன் நெஞ்சிலே ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறான். கார் ஓட்டி ஒருவர் உயிர்போகக் காரணமானவன் அவன். ஆனால் அந்தக் குற்றத்துக்குச் சிறை சென்றவன் பர்க் டெவ்லின் என்ற ஏழை வீட்டுப் பிள்ளை. முறைமன்றத்திலே பொய் சொன்னது பணக்கார நாக்கு. அதை மெய்யென்று ஏற்றது சட்டம். உண்மையைக் கண்ட ஓவியர் சாம் எவன்ஸிடமிருந்து ரோஜர் ஓவியங்களை விலைக்கு வாங்கினான். உண்மையில் அவன் வாங்கியது ஓவியங்களை அல்ல, ஓவியரின் மௌனத்தை! அந்த மௌனத்தை மறக்க அவர் மதுவை நாடினார். உண்மையை வெளிக்கொணர முயன்ற பில் மல்லாய் என்ற நல்லவர் கடலிலே பிணமானார். ரோஜரின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன் டேவிட், தந்தையின் காரில் தடைக்கருவியைக் கெடுத்து அவனைக் கொல்லவே முயன்றான். குடும்பப் பெயரைக் காப்பதற்காக அதுவும் மூடி மறைக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு சொல் கூற விழைகிறேன். பிள்ளைகள் பிறக்கும்போதே பேயை நம்பிப் பிறப்பதில்லை. அவர்கள் கேள்வியோடு வருகிறார்கள். அந்த அறையில் என்ன இருக்கிறது? அம்மா ஏன் போய்விட்டாள்? அப்பா என்னை ஏன் வெறுக்கிறார்? இக்கேள்விகளுக்கு மெய்யான விடை கிடைக்குமானால், பிள்ளை வருந்தும், ஆனால் வளரும். விடை மறுக்கப்பட்டாலோ, அந்த வெற்றிடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். டேவிட் அதைப் பேய்களால் நிரப்பினான். உயிருள்ளவர்கள் பேச மறுத்த வீட்டில், இறந்துபோன முன்னோளாகிய ஜோசெட்டோடு அவன் பேசினான். பேய், இருட்டிலே பிறப்பதில்லை; சொல்லப்படாத உண்மையிலே பிறக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மல்லாயின் சாவுக்குக் காரணமானவன் மாளிகைப் பணியாளன் மாத்யூ மார்கன். எசமானியிடம் கொண்ட குருட்டுப் பற்றே அவனைக் கொலைகாரன் ஆக்கியது. 1966 டிசம்பரில் அவனது கதை முடிகிறது. எப்படி? காவலர் கையாலா, முறைமன்றத் தீர்ப்பாலா? இல்லை. பேயுருக்கள் சூழ்ந்துகொள்ள, அச்சத்தாலே அவன் மடிகிறான். பேய் அங்கே வெறும் மிரட்டும் உரு அல்ல, நீதிபதி! உயிரோடிருப்போர் நீதி வழங்கத் தவறிய இடத்தில், செத்தவர் வந்து வழங்குவார் என்ற ஏக்கம் அது. ஏழை சிறை செல்கிறான். பணம் படைத்தவன் மாளிகையில் இருக்கிறான். ‘இதைக் கேட்பார் எவருமில்லையா?’ என்ற குமுறலுக்கு மனிதர் விடை தராதபோது, மக்கள் பேயைப் படைத்து விடை தரச் செய்கிறார்கள். ஆகவே பேய்நம்பிக்கையைக் கண்டு நகைப்பதற்கு முன், அந்நம்பிக்கையின் அடியில் தேங்கி நிற்கும் கண்ணீரையும் காண வேண்டும்.

இனி அந்தப் பூட்டிய அறைக்கு வருவோம். 1967ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஜேசன் மக்கையர் என்பவன் மாளிகைக்கு வந்து சேர்கிறான். தலைவியின் மறைபொருளை அறிந்தவன். முதலில் தங்க இடம் கேட்டான். பிறகு பணம் கேட்டான். முடிவில் அவளையே மனைவியாகக் கேட்டான். அவளும் அடிமேல் அடியாக இணங்கினாள். காரணம்? தன் கணவன் பால் ஸ்டாடர்டைத் தானே அடித்துக் கொன்றுவிட்டதாக அவள் நம்பினாள். உடலைப் பெட்டியில் இட்டு நிலவறையில் புதைத்து உதவியவன் இந்த ஜேசன். அந்த அறைக்குக் காவல் இருக்கத்தான் 18 ஆண்டுச் சிறைவாசம்! உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தாள். முடிவில் 1967 கோடையில், மணச்சடங்கின் நடுவிலே, அனைவர் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

நிலவறையைத் தோண்டினார்கள். பெட்டி கிடைத்தது. திறந்தார்கள்.

பெட்டியில் ஒன்றுமில்லை!

கணவன் சாகவே இல்லை. மயங்கி விழுந்தவன் எழுந்து போய்விட்டான். அவனும் ஜேசனும் சேர்ந்து ஆடிய நாடகம் அது. வெற்றுப் பெட்டிக்கு ஒரு பெண் 18 ஆண்டுகள் காவல் இருந்தாள். சாவி அவள் கையில். பெட்டி அவள் காலடியில். ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் விடுதலை. ஆனால் திறக்கவில்லை. ஏன்? உள்ளே இருப்பது என்னவென்று தனக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். ஆராயாத நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். ‘அவள் அடித்தது உண்மைதானே? பெட்டி வெறுமையாக இருந்ததால் அவள் மனச்சான்று பொய்யாகிவிடுமா?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி, தள்ளிவிட முடியாத கேள்வி. அவள் மனச்சான்று பொய்யன்று. ஓர் உயிரைப் பறித்துவிட்டோம் என்று துடித்த நெஞ்சு உயர்ந்த நெஞ்சுதான். ஆனால் மனச்சான்று கேட்பது என்ன? உண்மையைச் சொல் என்றுதான் அது கேட்கும். அவளோ அதற்குப் பூட்டைப் பரிசளித்தாள். குற்றவுணர்வு வாய் திறந்தால் மனிதனைத் திருத்தும். வாய் மூடினால், எத்தர்களுக்கு முதலாகும். ஜேசன் போட்ட முதல் வேறென்ன? ஒரு காசும் இல்லை. அவள் அச்சம் ஒன்றே அவன் முதல். அவள் மௌனம் ஒன்றே அவன் வட்டி. அஞ்சுகிறவன் ஆராய மாட்டான் என்ற உறுதியின் மேல்தான் உலகில் எத்தனையோ பீடங்கள் எழுப்பப்பட்டுள்ளன.

காட்டேரி வந்த வழியையும் காணுங்கள். ஜேசனோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் வில்லி லூமிஸ். நகை கிடைக்குமென்ற பேராசையால், கல்லறையில் சங்கிலியிட்டுக் கட்டியிருந்த சவப்பெட்டியை அவன் திறந்தான், காட்டேரி வெளிவந்தது. இரத்தம் உறிஞ்சுபவன் வருமுன்னே பணம் உறிஞ்சுபவன் வந்துவிட்டான் என்பதே கதை கூறும் வரிசை! வெளிவந்த பார்னபஸ் நேரே மாளிகைக்கு வருகிறான். இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன் என்கிறான். சுவரில் தொங்கும் பழைய ஓவியத்தின் முகமும் அவன் முகமும் ஒன்றாயிருப்பதைக் கண்டு பூரித்துப் போகிறார்கள். குடும்பப் பெயர் இருக்கிறது, முகச்சாயல் இருக்கிறது, வேறென்ன சான்று வேண்டும்? தோட்டத்துப் பழைய மாளிகையையே அவனுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். குலப்பெருமை கதவைத் திறந்தது. காட்டேரி உள்ளே நுழைந்தது. குலம் இன்னதென்று அறியாத விக்டோரியாவோ, ‘நான் யார்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தொடர் முடியும்வரை அக்கேள்விக்கு அங்கே விடை இல்லை. ஆயினும் அம்மாளிகையில் நேர்மையோடு கேள்வி கேட்டவள் அந்தப் பெயரற்ற பெண்தான். காக்க வேண்டிய பரம்பரை அவளுக்கு இல்லை. ஆகவே மறைக்க வேண்டிய பொய்யும் இல்லை.

தொடர் சரிந்து கொண்டிருந்தது. காட்டேரி வந்துதான் காப்பாற்றியது. மக்கள் விரும்பியது அதைத்தானே என்பர் சிலர். உண்மைதான். அச்சக்கதையைச் சுவைப்பது குற்றமென்று நான் கூறவில்லை. கதை என்று அறிந்து அஞ்சுவது விளையாட்டு; கதை என்பதை மறந்து அஞ்சுவதே அடிமைத்தனம். ஆனால் அந்த மாற்றத்தால் என்ன இழந்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கப் பகுதிகளில் தீமைக்கு முகவரி இருந்தது: ரோஜரின் பொய், சாமின் மௌனம், ஜேசனின் பேராசை. பிற்பகுதிகளில் சூனியக்காரியின் சாபம் வந்தது. சாபம் வந்ததும் பொறுப்பு மறைந்தது. ‘நான் செய்தேன்’ என்பது போய், ‘எனக்கு நேர்ந்தது’ என்பது வந்தது. மூடநம்பிக்கை மனிதனுக்குத் தரும் பெரிய கையூட்டு இதுதான்: தன் குற்றத்தைத் தன் தோளிலிருந்து இறக்கி வைக்க ஓர் இடம்.

தோழர்களே! பேய் இல்லை என்று மேடையேறி முழங்குவதற்கு இன்று பெரிய துணிவு தேவையில்லை. வீட்டிலே ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் குடும்பப் பெயருக்காக மூடி மறைப்பவன், பணியிடத்திலே கண்ட ஊழலைப் பிழைப்புக்காகக் காணாததுபோல் கடப்பவன், பிள்ளையின் நேரான கேள்விக்கு ‘உனக்கெதற்கு அது?’ என்று வாயடைப்பவன், இவர்களெல்லாம் நள்ளிரவில் சுடுகாட்டைக் கடந்து வரும் துணிவுடையவராக இருக்கலாம். எனினும் ஒவ்வொருவரும் நிலவறையில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டவரே. அங்கேதான் அடுத்த பேய் கருக்கொள்கிறது.

எலிசபெத்தின் வாழ்வில் இரண்டு திறப்புகள் நேர்ந்தன. முதலில் அவள் வாயைத் திறந்தாள். பிறகே பெட்டி திறந்தது. அந்த வரிசையை மறவாதீர்கள். பெட்டி வெறுமையென்று முன்கூட்டி அறிந்துகொண்டு அவள் பேசவில்லை. தண்டனை வரட்டும் என்று துணிந்து பேசினாள். துணிவு முன்னே சென்றது. விடுதலை பின்னே வந்தது. எல்லாப் பெட்டிகளும் வெறுமையாகவே இருக்கும் என்று நான் உறுதி கூற முடியாது. சிலவற்றில் உண்மையாகவே எலும்பு இருக்கும். இருந்தால் என்ன? எலும்புக்குத் தீர்ப்பு உண்டு. கணக்குத் தீர்க்க வழி உண்டு. திறவாத பெட்டிக்குத்தான் முடிவே இல்லை.

சாவி நம் கையில் இருக்கிறது. திறந்து பார்ப்போம்!