சிறுவர் சொல் அம்பலம் ஏறுமா?

வர்த்தக அன்பர்களே! மகனுக்குச் சட்டை வாங்க வரும் தந்தை, மகனை வாசலில் நிறுத்திவிட்டுத் தம் கைச்சாணால் அளவு சொன்னால் நாம் சிரிப்போம். அதே மகன் ஆறு வருடம் உட்காரப் போகும் பள்ளியை மட்டும் அவனைக் கேளாமலே கட்டுகிறோமே, அது நியாயமா?

ஜெர்மனியின் பெர்லின் நகரில், வெட்டிங் பகுதியில், எரிகா மன் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. பல தேசத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்குமிடம். அதன் பழைய கட்டடத்தை 2003-ல் திருத்த வந்த கட்டடக்கலை வல்லுநர் சுசான் ஹாப்மன் அம்மையாரும் அவருடைய மாணவர்களும், முதலில் பிள்ளைகளையே கேட்டார்கள். பிள்ளைகள் தங்கள் கற்பனை உலகைச் செய்து காட்டினர். அதிலிருந்து வெள்ளி டிராகன் கதை ஒன்று பிறந்தது. வெறும் தாழ்வாரங்கள் அமரவும் சாயவும் படிக்கவும் ஏற்ற இடங்களாயின.

“விவரமறியாப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” எனலாம். உத்தரத்தின் பலமும் தீத்தடுப்பும் தெரியாதுதான்; அவை பெரியவர் பொறுப்பு. ஆயின் எந்த மூலை அச்சமூட்டுகிறது என்பதை அவனன்றி யார் அறிவார்?

கேட்டபின் ஒதுக்கிவிடுவதோ, கேளாமையிலும் கொடிது. அது எடையில் குறைப்பதற்கு ஒப்பாகும். இயலாததை இயலாதென்று காரணத்தோடு சொல்வதும் மரியாதையே. இன்னொன்று: பதில் சொன்ன பிள்ளைகள் சில வருடங்களில் வெளியேறுவர், பலன் பின்வருவோருக்கு. சென்ற வருட வாடிக்கையாளர் விருப்பத்தை நம்பி இவ்வருடச் சரக்கை எடுப்போமா? ஆதலின் மீண்டும் மீண்டும் கேட்கவேண்டும்.

இனி ஒரு பள்ளிக்கு நன்கொடை எழுதுமுன், அங்கே அமரப் போகும் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்போமாக!