சுவிட்சை அடைத்தால் போதுமா?



நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு கட்சி உண்டு. கைப்பேசியைக் கழற்றியதும் சார்ஜரின் சுவிட்சை அடைக்கிற கட்சி ஒன்று. "அதுல என்ன பெரிய கரண்டு போயிடப் போகுது" என்று அப்படியே விட்டுவிட்டுப் போகிற கட்சி இன்னொன்று. எங்கள் வீட்டில் முதல் கட்சிக்கு அப்பாதான் தலைவர். இரண்டாவது கட்சியில் நானும் தங்கையும். மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் என்பதால், கணக்குப் போட்டுக் காட்டி அப்பாவை ஜெயிக்க எனக்கு வழி இருக்கிறது. ஆனால் கணக்கில் ஜெயித்துவிட்டால் நியாயத்திலும் ஜெயித்ததாகிவிடுமா? அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் கணக்கையே பார்த்துவிடுவோம். கைப்பேசி இல்லாமல் சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜரும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கத்தான் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, சிறிய சார்ஜர்கள் இப்படிச் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. நல்ல நிறுவனங்களின் சார்ஜர்கள் பலவும் அதற்குக் கீழேதான் எடுக்கின்றன. 0.1 வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க, இரவும் பகலும், ஒரு நிமிடம்கூட அடைக்காமல் விட்டால் 0.876 யூனிட். பணமாகச் சொன்னால் ஐம்பது சென்கூட வராது. குளியலறையில் உள்ள 3.5 கிலோவாட் வெந்நீர்க் கருவியை 15 நிமிடம் போட்டால் அதே அளவு மின்சாரம் போய்விடும். அதாவது, ஒரே ஒரு நீண்ட குளியல், ஓராண்டுச் சார்ஜருக்குச் சமம்.

கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் செலவும் அப்படித்தான். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கிட்டத்தட்ட 19 வாட்-மணி ஆற்றலைப் பிடிக்கும். வெப்பமாக வீணாவதையும் சேர்த்து ஒரு தடவைக்கு 25 வாட்-மணி என்றால், தினமும் முழுசாகச் சார்ஜ் செய்தாலும் ஆண்டுக்கு 9 யூனிட்தான். அதிகம் போனால் நான்கைந்து ரிங்கிட். மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கும் ஒரு ரொட்டி சானாயும் சாப்பிட்ட கதை.

"எல்லாரும் இப்படியே விட்டா என்ன ஆகும்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. நாட்டில் உள்ள மூன்று கோடியே நாற்பது லட்சம் பேரும் ஆளுக்கொரு சார்ஜரைச் செருகியே வைத்திருந்தால் 3.4 மெகாவாட். தீபகற்ப மலேசியாவின் உச்ச மின் தேவையோ சுமார் 20,000 மெகாவாட். எல்லாரும் சேர்ந்தாலும் அது சின்னதுதான்.

அப்படியென்றால் அப்பா இத்தனை வருடமாகச் சொன்னது வெறும் பேச்சா? இங்கேதான் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன்.

அப்பா பிறந்தது தோட்டத்தில். அங்கே ஜெனரேட்டர் கரண்டு. அதுவும் இரவில் சில மணி நேரம்தான். விளக்கு எரிகிற நேரத்துக்குள் சமைத்து, சாப்பிட்டு, பாடம் படித்து முடிக்க வேண்டும். அந்த வாழ்க்கையில் மின்சாரம் அளந்து கிடைத்த பொருள். பின்னால் கைப்பேசி வந்த காலத்திலும் சார்ஜர்கள் இப்போது மாதிரி இல்லை. உள்ளே இரும்பும் செம்புக் கம்பியும் சுற்றிய கனமான மின்மாற்றி. கைப்பேசி இல்லாமலேயே தொட்டால் சுடும். அந்தச் சூடு முழுக்க வீணாகிப் போன மின்சாரம்தான். ஆக, "சுவிட்சை அடை" என்ற கட்டளை அன்று சரியான பொறியியலாகவே இருந்தது.

"பேட்டரி முழுசா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று பெரியவர்கள் சொல்வதும் இதே வகை. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்கு அந்த அறிவுரை பொருந்தும். 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் பேட்டரிக்கு அது பொருந்தாது. இந்தப் பேட்டரிக்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பேட்டரி மாறிவிட்டது. அறிவுரை மட்டும் மாறாமல் வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒரு நல்ல பழக்கம் பிறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் போய்விட்டது. பழக்கத்தை என்ன செய்வது?

இரண்டு சுலபமான பதில்கள் இருக்கின்றன. "பெரியவங்க சொன்னது, அப்படியே செய்வோம்" என்பது ஒன்று. "காரணம் போச்சு, விட்டுத் தள்ளு" என்பது மற்றது. இரண்டிலும் ஒரே குறைதான். இரண்டுமே சுவிட்சை மட்டும் பார்க்கின்றன. அப்பா உண்மையில் எதைக் காப்பாற்ற நினைத்தார் என்று பார்க்கவில்லை. பிறர் உழைப்பில் கிடைத்த பொருளை அலட்சியமாகச் செலவழிக்காதே என்பதுதான் அவர் சொன்னது. அந்தக் காரணம் சாகவில்லை. அது வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு.

எங்கே போயிருக்கிறது? கைப்பேசிக்குள்ளேயே.

ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பாருங்கள். ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் சுமார் 80 விழுக்காடு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. மொத்தம் 60 கிலோ என்றால் தயாரிப்புக்கு மட்டும் 48 கிலோ. தீபகற்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ வெளியாகிறது. வகுத்துப் பார்த்தால், ஒரு புதுப் போனைத் தயாரிப்பதும் ஒரு சார்ஜரை 70 ஆண்டுகளுக்கு மேல் செருகியே வைத்திருப்பதும் ஒன்று.

வாயு மட்டுமல்ல. பேட்டரிக்குத் தேவையான கோபால்ட்டில் ஏறக்குறைய 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கைகளால் தோண்டும் சுரங்கங்களில் சிறுவர்களும் வேலை செய்வதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. இன்னொரு முனையில் குப்பை. 2022-இல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடுதான் என்று ஐ.நா.வின் கணக்கு சொல்கிறது.

இப்போது நம்மைப் பார்ப்போம். பி.டி.பி.டி.என். கடன் பணம் வங்கியில் விழுந்த வாரம் விடுதியில் எத்தனை புதுப் போன்கள் முளைக்கின்றன? பழைய போனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், "பேட்டரி நிக்கல டா" என்பதுதான் பெரும்பாலும் பதில். பேட்டரியை மட்டும் மாற்றினால் முடிகிற வேலைக்கு, பல மடங்கு செலவில், அதுவும் கடன் பணத்தில், புதுப் போன். அதைப் படம் எடுத்துப் போட்டால் எல்லாரும் வாழ்த்துகிறோம். அதே நண்பன் விளக்கை அடைக்காமல் போனால் "கரண்ட வேஸ்ட் பண்ணாத" என்று திட்டுகிறோம். சின்ன விரயத்துக்குக் கண்டிப்பு, பெரிய விரயத்துக்குக் கைதட்டல். நம் நியாயத்தில் அளவு தப்பியிருப்பது இங்கேதான்.

ஆயுத பூசையன்று மடிக்கணினியையும் கைப்பேசியையும்கூடச் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைக்கிறோம். கருவிக்குக் கொடுக்கும் மரியாதை அந்த ஒரு நாளோடு முடிந்துவிட்டால், அதில் மரியாதை எங்கே இருக்கிறது? கருவியை அதன் முழு ஆயுளும் வாழவிடுவதுதான் மிச்சமுள்ள 364 நாளின் பூசை.

ஒரு பேச்சுக்கு எதிர்ப்பக்கமும் நிற்கிறேன். சில சமயம் மாற்றித்தான் ஆக வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. வேலைக்கு வேண்டும் என்று வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. தேவை எது, ஆசை எது என்று வாங்குவதற்கு முன்பு ஒரு தடவை தன்னையே கேட்டுக்கொண்டால் போதும்.

பேட்டரியை நீண்ட நாள் வாழவைப்பதும் பெரிய வித்தையில்லை. அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெப்பம். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். நம் நாட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் போனை விட்டுப் போவதும், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்வதும் அதன் ஆயுளைக் குறைக்கும். இன்னொன்று, எந்நேரமும் 100 விழுக்காட்டிலேயே இருப்பது. 100 வந்ததும் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த உயர் மின்னழுத்தத்தில் மணிக்கணக்காக இருந்தால் உள்ளே வேதிப்பொருள்கள் மெல்லச் சிதைகின்றன. பல போன்களில் 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். பழைய போன்களைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். நம் நாட்டில் மின்கழிவு, சட்டப்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு.

சுவிட்சையும் அடையுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள். சிரிம் முத்திரை இல்லாத மலிவுச் சார்ஜர் என்றால் வாங்கவே வேண்டாம். பாதுகாப்பு என்ற காரணம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதோடு, தினமும் ஒரு விநாடி நின்று கவனிக்கும் பழக்கம் கெட்டதல்ல. ஆனால் அடைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. செலவே இல்லாத நல்ல காரியம் ஒன்றைச் செய்து, கஷ்டமான நல்ல காரியத்திலிருந்து தப்பிப்பது மனசுக்கு ரொம்பச் சுலபம்.

நான் இப்போது அப்பாவிடம் கணக்குப் பேசுவதில்லை. சுவிட்சை அடைத்துவிடுகிறேன். நான்கு வருடப் பழைய போனுக்குப் பேட்டரி மட்டும் மாற்றியிருக்கிறேன். தோட்டத்தில் அப்பா கற்ற சிக்கனத்துக்கு என் காலத்தில் இதுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன். அடுத்த புதுப் போன் வெளியாகும் நாளில் உங்கள் கையில் இருக்கிற போனை ஒரு நிமிடம் பாருங்கள். அதற்கு இன்னும் எத்தனை வருடம் பாக்கி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.