கும்பகர்ணனும் இல்லை, விபீஷணனும் இல்லை

கும்பகர்ணனா, விபீஷணனா என்று பட்டிமன்றங்களில் இன்றும் வழக்காடுகிறோம். செஞ்சோற்றுக் கடனுக்காக உயிர்விட்டவன் ஒருவன். அறமே பெரிதென்று அண்ணனைப் பிரிந்தவன் மற்றவன். யார் பக்கம் நிற்பதென்று தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு இருவருக்கும் இருந்தது. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியப் படை இறங்கிய பிறகு அந்தமான் மக்களுக்கு அது இல்லாமல் போனது.

டாக்டர் திவான் சிங்கின் கதையைப் பாருங்கள். பஞ்சாபிக் கவிஞரான அவர், போர்ட் பிளேரில் இந்திய சுதந்திர லீக்கை நடத்தியவர். ஜப்பானியரோடு கைகோத்து ஆங்கிலேயரை எதிர்த்த இயக்கம் அது. ஆங்கிலேய உளவுக் குழு நீர்மூழ்கியில் வந்து ரகசியமாகக் கரையிறங்கியது உண்மைதான். பழியோ ஊரார் தலையில் விழுந்தது. திவான் சிங்கையும் உளவாளி என்று ஜப்பானியர் செல்லுலார் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். 1943 டிசம்பர் 30-இல் சுபாஷ் சந்திர போஸ் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றியபோதும் அவர் சிறையில்தான் இருந்தார். ஜனவரி 14-இல் இறந்தார். ஜனவரி 30-இல் அதே தீவின் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் ஜப்பானியரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் லீக்கைச் சேர்ந்தவர்கள்.

அதன்பின் போஸின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் தீவுகளை நிர்வகிக்க வந்தவர் ஒரு தமிழர், ஏ. டி. லோகநாதன். ஆங்கிலேய அரசின் மருத்துவப் பணியிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) மாறியவர். காவல்துறையை ஜப்பானியர் விட்டுக்கொடுக்காததால் முழுப் பொறுப்பையும் ஏற்க மறுத்து, கல்வித் துறையை எடுத்துக்கொண்டார். போர் முடிந்ததும் ஐ.என்.ஏ. அதிகாரிகள்மீது நடந்த செங்கோட்டை விசாரணையில் சாட்சி சொன்னார். அதிகாரமில்லாத பதவியை ஏற்காதது நேர்மையே. ஆனால் சிறைக்குள் அடிபட்டவனுக்கு அந்த நேர்மையால் என்ன பயன்?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அடி தாங்காமல் அண்டை வீட்டுக்காரன் பெயரைச் சொன்னவனைத் துரோகி எனலாமா? கூடாது. துரோகம் செய்யவும் ஒரு மனம் வேண்டும். வதைப்பவன் முதலில் பறிப்பதே அதைத்தான். அவனை மன்னிக்கும் உரிமை இறந்தவருடையது என்பார்கள் சிலர். அவன்மீது குற்றமே இல்லாதபோது மன்னிப்புக்கு இடமேது?

பகைவனான ராவணனுக்கும் ஈமக்கடன் செய்யும்படி விபீஷணனிடம் ராமன் சொன்னான். ஹம்ப்ரிகஞ்சில் இறந்தவர்களுக்கோ குழிதான் கிடைத்தது. இன்று அங்கே நினைவிடம் இருக்கிறது. கொடியேறிய நாளைப் பெருமையோடு சொல்லும்போது, ஒரு மாதம் கழித்து வந்த ஜனவரி 30-ஐயும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். வதையில் வாய் திறந்தவர்களையும் அந்தப் பாடத்தில் பலியானவர்களாகவே சேர்க்க வேண்டும்.