வாங்கிக்கொள்ளும் கை

1900 செப்டம்பரின் முதல் வாரம். ஹவானாவின் பெலேன் கல்லூரி வானிலைக்கூடத்தில் இருந்தவர்கள் மேகங்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தீவைக் கடந்துபோன புயல் ஓயவில்லை, வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்சாஸ் பக்கம் போகிறது என்பது அவர்கள் கணிப்பு. பெனிட்டோ வின்யேஸ் என்ற பாதிரியார் 1870 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூடத்தில் இருந்து, மேகத்தின் கீற்றையும் ஓட்டத்தையும் கொண்டே புயலின் போக்கைச் சொல்லும் கலையை வளர்த்துவிட்டுப் போயிருந்தார். அப்போது கியூபா அமெரிக்க ராணுவத்தின் ஆட்சியில் இருந்தது. கியூபர்கள் வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று கருதிய அமெரிக்க வானிலைத் துறை, அவர்களுடைய புயல் செய்திகள் தந்தியில் போகாதபடி தடை வாங்கியிருந்தது. புயல் வடக்கே வளைந்து புளோரிடா வழியாக அட்லாண்டிக் கரைக்குப் போய்விடும் என்றும் நம்பியது. செப்டம்பர் 8 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரம் மூழ்கியது. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிர் குடித்த புயல் இன்றுவரை வேறில்லை.

கியூபாவும் அமெரிக்காவும் என்றதும் ஏவுகணை நெருக்கடியும் பன்றிகள் விரிகுடாவும் பொருளாதாரத் தடையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை அரசுகளின் கதை. அவற்றுக்கு அடியில் ஓடும் மக்களின் கதையைப் படிக்கப் படிக்க, என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. ஒருவர் நீட்டியதை மற்றவர் வாங்கிக்கொண்டாரா?

நீட்டுவதில் இரண்டு பக்கமும் குறை வைக்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் 1850-ல் பிறந்த ஹென்றி ரீவ் என்ற இளைஞன், ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராகக் கியூபர்கள் போராடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு 1869-ல் கப்பலேறி வந்தான். வந்த புதிதிலேயே பிடிபட்டான். ஸ்பானிய வீரர்கள் அவனைச் சுட்டு, இறந்துவிட்டான் என்று விட்டுப்போனார்கள். பிழைத்து எழுந்து மறுபடியும் போராளிகளிடம் போய்ச் சேர்ந்தான். பிறகு ஒரு சண்டையில் கால் முடமானது. சேணத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு குதிரை ஓட்டினான். 1876-ல், 26 வயதில், கியூப மண்ணிலேயே மடிந்தான். கியூபர்கள் அவனுக்குத் தளபதி நிலை கொடுத்தார்கள். அதை அவன் கியூபத் தலைவர்களின் கட்டளைக்குக் கீழே நின்று சம்பாதித்தான். என் பார்வையில் அவன் வீரத்தைவிடப் பெரியது இந்தப் பணிவு.

அதற்கு நேர்மாறானது 1898-ல் நடந்தது. விடுதலைக்கு வித்திட்ட ஹொசே மார்த்தி ஏறத்தாழ 15 ஆண்டுகள் நியூயார்க்கில் வாழ்ந்தவர். டாம்பாவிலும் கீ வெஸ்ட்டிலும் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த கியூபத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கை அவருடைய இயக்கத்துக்குக் கொடுத்தார்கள். இப்படி அமெரிக்க மண்ணிலேயே திரட்டிய பணத்தோடு 1895-ல் போர் தொடங்கியது. தொடக்கத்திலேயே மார்த்தி களத்தில் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்பெயினோடு போரிட அமெரிக்கப் படை வந்திறங்கியபோது, கரையில் காவல் நின்று வழிவிட்டவர்கள் கலிக்ஸ்டோ கார்சியாவின் கியூப வீரர்கள். சந்தியாகோ நகரம் சரணடைந்தது. உள்ளே நுழைய அந்த வீரர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பாரிசில் உடன்படிக்கை எழுதியபோது மேசையில் ஒரு கியூபரும் இல்லை. 1901-ல் பிளாட் திருத்தம் வந்தது. கியூபாவின் விவகாரத்தில் தலையிடும் உரிமையை அமெரிக்கா கியூப அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதி வாங்கியது. 1903-ல் குவாண்டனாமோ விரிகுடா கடற்படைத் தளத்துக்காக அமெரிக்காவின் கைக்கு மாறியது. அதற்கு ஆண்டு வாடகையாக 4,085 டாலருக்கு இன்றும் காசோலை வருகிறது. 1959-ன் புரட்சிக்குப் பிறகு ஒரே ஒருமுறை தவிர ஹவானா அதை மாற்றியதே இல்லை.

உதவி செய்ய வந்தவன் வீட்டுப் பத்திரத்தையும் கேட்டான் என்பதுதான் கியூபர்களின் மனத்தில் இறங்கிய முள். 1959-ன் கோபத்தை சோவியத் நட்பைக் கொண்டு மட்டும் விளக்குகிறவர்கள் இந்த அறுபது ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே காலத்தில் வேறு மாதிரியும் நடந்தது. 1947-ல் நியூயார்க்கின் டிஸி கில்லெஸ்பி, தன் ஜாஸ் குழுவில் ஹவானாவின் சானோ போஸோவைச் சேர்த்துக்கொண்டார். அடித்தட்டுக் குடியிருப்பில் வளர்ந்த அந்தக் கொங்கா வாத்தியக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. அப்போதே பெயர்பெற்றிருந்த கில்லெஸ்பி, தன் இசையில் இல்லாத ஒன்று அவர் கையில் இருப்பதைக் கண்டு, அதற்குத் தன் குழுவையே வளைத்தார். அந்த ஆண்டின் கடைசியில் பதிவான ‘மான்டேகா’ ஜாஸ் இசையின் திசையையே மாற்றியது. அடுத்த ஆண்டு ஹார்லெமில் போஸோவைச் சுட்டுக் கொன்றார்கள். சேர்ந்திருந்தது ஓராண்டுக்குச் சற்று மேல்தான். அதன் தாளம் இன்னும் ஓயவில்லை.

1959-க்குப் பிறகு கடலின் குறுக்கே கிழிந்தவை குடும்பங்கள். 1960-க்கும் 1962-க்கும் இடையே 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் துணையின்றித் தனியாக விமானமேற்றி மயாமிக்கு அனுப்பினார்கள். 1980-ல் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் படகேறினார்கள். போனவர்களைப் புழுக்கள் என்று ஏசியது ஹவானா. வெளியேற விரும்பியவர்களின் வீட்டு வாசலில் கூட்டம் சேர்த்து அவமானப்படுத்தியது. அந்தக் கொடுமையைப் புரட்சியின் பெயரால் மன்னிக்க என்னால் முடியாது. மறுபக்கம் 2004-ல் வாஷிங்டன் ஒரு விதி போட்டது. அமெரிக்காவில் வாழும் கியூபர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் தீவுக்குப் போய் உறவினரைப் பார்க்கலாம். அந்த உறவிலும் அத்தை, மாமா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் யாரும் சேர்த்தி இல்லை. தன்னைத் தூக்கி வளர்த்த சித்தி சாகக் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவள் அந்நியை. 2009-ல்தான் அந்த விதி நீங்கியது.

இதற்கு நடுவில் 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது. சில நாட்களுக்குள் ஹவானாவில் 1,500-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் மருந்துப் பைகளோடு தயாராக நின்றார்கள். அந்தப் படைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹென்றி ரீவ். புரூக்ளின் பையன் கொடுத்த உயிருக்கு 129 ஆண்டுகள் கழித்துக் கைம்மாறு செய்யக் கிடைத்த வாய்ப்பு அது. வாஷிங்டன் ஏற்கவில்லை. கூரைமேல் தண்ணீருக்குத் தவித்த கறுப்பின ஏழைகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அந்த மருத்துவர்கள் அடுத்த மாதமே நிலநடுக்கத்தில் சிதைந்த பாகிஸ்தானின் மலைகளுக்குப் போனார்கள். 2008-ல் குஸ்தாவ், ஐக் என்ற புயல்கள் கியூபாவைச் சிதைத்தபோது அமெரிக்கா உதவ முன்வந்தது. முதலில் தடையை நீக்கு என்று சொல்லி ஹவானா மறுத்தது. அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீடிழந்து நின்றவளிடம் அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிகிறது. கொடுக்கும்போது நாம் உயரத்தில் நிற்கிறோம், அதனால் கொடுப்பது எளிது. நம்மைவிடச் சிறியவன் என்று நாம் நினைத்தவனிடம் நமக்குத் தேவையானது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கை நீட்டும் நொடியில்தான் இரண்டு மக்களும் சமமாகிறார்கள். கால்வெஸ்டன் காலத்து அதிகாரிகளால் முடியாதது அதுதான். கில்லெஸ்பியால் முடிந்ததும் அதுதான்.

முடிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரு நாடுகளுக்கும் தூதரகமே இல்லாதிருந்த காலத்திலும் ஹவானாவின் வானிலையாளர்களும் மயாமியின் புயல் மையத்தாரும் தகவல் பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். புயலை அளக்கும் அமெரிக்க விமானங்களைக் கியூபா தன் வானில் பறக்க விடுகிறது. அமெரிக்காவில் மருத்துவம் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் ஹவானாவின் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியில் கட்டணமின்றிப் படித்து, ஊர் திரும்பி வைத்தியம் பார்க்கிறார்கள். ஹவானா விஞ்ஞானிகள் உருவாக்கிய சீமாவாக்ஸ் என்ற நுரையீரல் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சோதிக்க, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்துக்கு 2016-ல் அனுமதி கிடைத்தது. ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்க நோயாளிகளுக்கு அது எந்த நாட்டு மருந்து என்பது தடையாக இருக்கவில்லை.

1962-ல் கென்னடி கையெழுத்திட்ட பொருளாதாரத் தடை 1996-ல் சட்டமாக இறுகியது. அதிபர் நினைத்தாலும் முழுவதும் நீக்க முடியாது. அமெரிக்க நாடாளுமன்றம்தான் நீக்க வேண்டும். 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை பெரும்பான்மை வாக்கில் அதைக் கேட்டுவருகிறது. ஹவானாவும் தன் மக்கள் பேசுவதற்கும் போய்வருவதற்கும் அஞ்சாமல் கதவைத் திறக்க வேண்டும். ஆனால் முதலில் இறங்கி வரவேண்டியவன் பெரியவன். அமெரிக்கா அந்தச் சட்டத்தை நீக்கட்டும்.