தாங்கும் கைகள்

ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரில், ஒரு பெரும் மாநாடு கூடுகிறது. உலகம் 'மார்மன்கள்' என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினரின் பொது மாநாடு அது. அதில் ஓர் எளிய சடங்கு நிகழும். சபைத் தலைவர், அவருடைய ஆலோசகர்கள், பன்னிரு திருத்தூதர்கள் எனப் பெயர்கள் படிக்கப்படும். இவர்களைத் தாங்க இசைவோர் கை உயர்த்துமாறு கேட்கப்படும். ஆயிரக்கணக்கான வலக்கைகள் ஒருங்கே எழும். அடுத்து, எதிர்ப்போர் உண்டெனில் அவர்களும் அவ்வாறே கை உயர்த்தலாம் என்று அறிவிக்கப்படும். பெரும்பாலும் ஒரு கையும் எழாது. 2015 ஏப்ரலில் சிலர் தங்கள் எதிர்ப்பைக் குரல் எழுப்பித் தெரிவித்தது அதனாலேயே செய்தியாயிற்று.

அந்த ஆயிரங்களில், உள்ளத்தில் ஐயத்தைச் சுமந்துகொண்டே கையை உயர்த்துவோர் எத்தனை பேர் என்பதை இறைவன் ஒருவரே அறிவார். அவர்கள் பொய்யர்களா? கையை மடியிலேயே வைத்திருந்தால்தான் நேர்மையாளர்களா? நம்பிக்கையும் ஐயமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும்போது, 'தலைவர்களைத் தாங்குவேன்' என்று ஒருவர் சொல்வதன் பொருள்தான் என்ன? இக்கேள்வியைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்ப்போம்.

மார்மன் சபையின் கோட்பாடுகள் நம்முடையவை அல்ல. அவர்களுடைய திருமுழுக்கு செல்லத்தக்கதன்று என உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001-ஆம் ஆண்டு தெளிவுபடுத்தியது. ஆயினும், அடுத்த வீட்டாரின் சோதனையை மரியாதையோடு உற்றுநோக்குபவர் தம் வீட்டையும் தெளிவாகக் காண்பர்.

கை உயர்த்துவதன் விலை

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இச்சபையைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலையிலேயே, சபையில் யாவும் பொது இசைவின்படி நடைபெற வேண்டும் என்ற விதி இறை வெளிப்பாடாக எழுதி வைக்கப்பட்டது. அழைப்பு மேலிருந்து வரும். இசைவை மக்கள் தரவேண்டும். அந்த இசைவு வெறும் சடங்காக இல்லாத நாளும் உண்டு. 1843 அக்டோபரில் நாவூ நகரில் கூடிய மாநாட்டில், தம் ஆலோசகர் சிட்னி ரிக்டனை விலக்க வேண்டும் என்று ஸ்மித்தே கேட்டார். மக்களோ ரிக்டனையே பதவியில் இருத்தினர். தாம் தோளிலிருந்து இறக்கிவிட்டவரை மக்கள் மீண்டும் தம்மேல் ஏற்றிவிட்டனர், வேண்டுமானால் அவர்களே சுமந்துகொள்ளட்டும் என்று ஸ்மித் சொன்னதாகச் சபையின் வரலாறு பதிவு செய்துள்ளது. இறைவாக்கினர் என்று தாங்கள் போற்றியவரின் வேண்டுகோளை மறுத்தபோதும், அம்மக்கள் அவரை விட்டு விலகவில்லை.

இன்று உலகெங்கும் 1 கோடியே 70 இலட்சத்திற்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அச்சபையில், உச்சியிலுள்ள பதினைந்து பேரும் இறைவாக்கினர்களாகவும் காட்சியாளர்களாகவும் ஏற்கப்படுகின்றனர். ஆகவே தலைவர் ஒருவரின் சொல்லை ஐயுறுவது, அவரை அழைத்த இறைவனையே ஐயுறுவதுபோல் எளிய உள்ளத்திற்குத் தோன்றிவிடும். அவர்களுடைய ஆலயத்துள் நுழைய அனுமதி பெற விரும்புவோரிடம், சபைத் தலைவரை இறைவாக்கினராக ஏற்றுத் தாங்குகிறீர்களா என்ற கேள்வி கேட்கப்படுகிறது. 'இல்லை' என்று சொல்லி அனுமதியை இழந்த தந்தை, ஆலயத்தில் நிகழும் தம் மகளின் திருமணச் சடங்கைக் காண உள்ளே செல்ல இயலாது. வெளியே காத்திருக்க வேண்டும். ஐயத்தின் விலை அங்கே அவ்வளவு.

ஊர்ச் சபைகளிலோ நிலைமை சற்று வேறு. அங்கே ஆயர் எனப்படுபவர் ஊதியம் பெறாதவர். பகலில் ஆசிரியராகவோ கணக்கராகவோ உழைத்து, மாலைகளிலும் ஞாயிறன்றும் சபைப் பணி செய்பவர். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் பின்வரிசைக்குத் திரும்புபவர். ஒருவர் எந்த ஊர்ச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவர் வசிக்கும் இடமே முடிவு செய்கிறது. யூஜின் இங்கிலாந்து (1933–2001) என்ற மார்மன் கட்டுரையாளர் 1986-இல் இதைப் பற்றி ஆழ்ந்து எழுதினார். தாம் தேர்ந்தெடுக்காத மனிதரோடும் குறையுள்ள தலைவர்களோடும் சேர்ந்து உழைக்க நேர்வதே அன்பைக் கற்றுத்தரும் பள்ளி என்பது அவர் கருத்து. ஆகவே அங்கே கை உயர்த்தப்படுவது அடுத்த வீட்டுக்காரருக்காக. அவரும் தவறுவார் என்று தெரிந்தே உயர்த்தப்படுகிறது.

ஐயத்தை அடக்கிய நாள்

ஆனால் தாங்குதல் எங்கே முடிகிறது? மனச்சான்றையே ஒப்படைத்துவிடுதல் எங்கே தொடங்குகிறது? 1857-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று இக்கேள்வியை இரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறது.

அவ்வாண்டு அமெரிக்க இராணுவம் யூட்டாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. மார்மன் ஊர்களில் அச்சமும், முன்பு பட்ட துன்புறுத்தல்களின் நினைவும் பொங்கியிருந்தன. அவ்வேளையில், பெரும்பாலும் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த குடும்பங்கள் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து வண்டித்தொடராகத் தென் யூட்டா வழியே சென்றன. அவர்களைத் தாக்க வேண்டும் என்று சீடர் சிற்றி என்ற ஊரின் சபைத் தலைவரும் படை அதிகாரியுமான ஐசக் ஹெய்ட் கருதினார். ஊர் அவையில் எதிர்ப்பு எழுந்தது. சால்ட் லேக் நகரில் இருந்த சபைத் தலைவர் பிரிகாம் யங்கின் கருத்தை முதலில் கேட்க வேண்டும் என்று அவை வற்புறுத்தியது. ஜேம்ஸ் ஹாஸ்லம் என்பவர் ஏறத்தாழ 250 மைல் தொலைவைக் குதிரையில் கடந்து சென்றார். அம்மக்களைத் தொந்தரவு செய்யாமல் போகவிட வேண்டும் என்ற மறுமொழியோடு செப்டம்பர் 13 அன்று திரும்பி வந்தார். அதற்கு இரு நாள் முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மௌன்டன் மெடோஸ் என்ற புல்வெளியில், வெள்ளைக் கொடி காட்டி நம்பவைத்து, ஆணும் பெண்ணும் சிறுவருமாக ஏறத்தாழ 120 பேரை ஊர்ப் படையினர் பழங்குடியினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு கொன்றிருந்தனர். பதினேழு சிறு குழந்தைகளை மட்டும் விட்டுவைத்தனர்.

கொன்றவர்கள் உழவர்கள், குடும்பத் தலைவர்கள், செபிக்கத் தெரிந்தவர்கள். கட்டளை வந்தபோது அவர்களுள் சிலரின் உள்ளம் நடுங்கியது. ஆயினும் தலைவர்கள் அறிவார்கள் என்று அந்த நடுக்கத்தை அடக்கிக்கொண்டனர். ஊர் அவையில் எழுந்த ஐயம் இன்னும் சற்று உறுதியாக நின்றிருக்குமானால் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் பிழைத்திருக்கும். அன்று இறைவனின் குரல் கட்டளையில் ஒலிக்கவில்லை; நடுங்கிய நெஞ்சங்களில் ஒலித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1862-இல், பிரிகாம் யங்கே ஓர் உரையில் தம் அச்சத்தைச் சொன்னார்: மக்கள் தலைவர்களை அளவு மீறி நம்பி, அவர்கள் இறைவனால் நடத்தப்படுகிறார்களா என்று தாங்களே இறைவனிடம் கேட்டறியாமல் இருந்துவிடுவார்களோ என்பதே அது.

உண்மையைச் சுமந்த பெண்மணி

ஊர் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. பழியெல்லாம் பழங்குடியினர் மேலும், 1877-இல் மரண தண்டனை பெற்ற ஜான் லீ என்ற ஒரே மனிதர் மேலும் விழுந்தது. 1919-இல் நெவாடா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நெஃபை ஜான்சன் என்ற முதியவர் மரணப் படுக்கையில் கிடந்தார். படுகொலை நாளில் அவர் இளைஞராய் அங்கே இருந்தவர். தம் உள்ளத்தில் கிடப்பதை எழுதித் தருமாறு இளம் ஆசிரியை ஒருவரிடம் முன்பே கேட்டிருந்தார். ஆசிரியையோ நாளைக் கடத்திவிட்டார். இப்போது அவர் படுக்கையருகே நிற்க, நினைவு தடுமாறிய முதியவர் இரத்தம் இரத்தம் என்று அலறினார். அந்த ஆசிரியையே பின்னாளில் வனீட்டா புரூக்ஸ் என்று அறியப்பட்ட வரலாற்றாசிரியர்.

இளவயதில் கணவரை இழந்து, மறுமணம் செய்து, பெரிய குடும்பத்தைப் பேணிய அப்பெண்மணி, பல்லாண்டுகள் ஆவணங்களைத் தேடித் தேடி எழுதினார். அண்டை வீட்டார் வரும் ஓசை கேட்டால், இஸ்திரி போட வேண்டிய துணிகளைத் தட்டச்சுப் பொறியின்மேல் போட்டு மறைத்துவிடுவாராம். குற்றம் செய்தவர்கள், அவர் வளர்ந்த ஊர்களின் முன்னோர்கள். அவர்களை வெறுக்காமலும் அவர்களுக்காகப் பொய் சொல்லாமலும் எழுதிய அந்நூல் 1950-இல் வெளிவந்தது. சபை அவரை விலக்கவில்லை. ஆனால் பலர் முகம் திருப்பினர். அவரோ 1989-இல் இறக்கும்வரை அதே சபையின் மகளாகவே வாழ்ந்தார். 1961-இல் சபை ஜான் லீயை அவர் இறந்த பின்னும் மீண்டும் உறுப்பினராக ஏற்றது. 2007 செப்டம்பர் 11 அன்று, 150-ஆம் ஆண்டு நினைவு நாளில், திருத்தூதர்களுள் ஒருவரான ஹென்றி ஐரிங் அப்புல்வெளியில் நின்று சபையின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். புரூக்ஸைத் தலைவர்களுக்கு எதிரானவர் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். தலைவர்கள் நேர்மையோடு நிற்பதற்கு ஓர் இடத்தை அவர்தாம் அமைத்துக் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

காத்திருத்தல் யாருக்கு எளிது?

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால், 'பொறுத்திருங்கள், உண்மை வெல்லும்' என்ற எளிய அறிவுரையோடு நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் பொறுமையின் விலையைக் கொடுப்பவர் யார்?

ஜேன் மேனிங் என்ற கறுப்பினப் பெண் 1843-இல் தம் குடும்பத்தாரோடு ஏறத்தாழ 800 மைல் நடந்தே நாவூ நகரை அடைந்தார். வழியில் காலணிகள் தேய்ந்து பாதங்களில் குருதி கசிந்தது. 1852 முதல் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவமும், கறுப்பின மக்கள் அனைவருக்கும் ஆலயத்தின் உயர் சடங்குகளும் மறுக்கப்பட்டன. ஜேன் மீண்டும் மீண்டும் தலைவர்களிடம் வேண்டினார், மறுமொழி மாறவில்லை. 1908-இல் அவர் இறந்தார், நம்பிக்கையை விடாமலும் கேட்டதைப் பெறாமலும்.

யூட்டா பல்கலைக்கழக மாணவர்க்குச் சமயக் கல்வி கற்பித்த லோவல் பென்னியன் இத்தடையை வெளிப்படையாக ஐயுற்றார். 1962-இல் அப்பணியை விட்டு அவர் விலக நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். அவர் கசந்துபோகவில்லை. முதியோர்க்கும் ஏழைகளுக்கும் பணிசெய்தே வாழ்ந்தார். 1978 ஜூனில் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் தடையை நீக்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று அதே கைகள் உயர்ந்து அதனை ஏற்றன. தடைக்காக முன்பு சொல்லப்பட்ட விளக்கங்களையெல்லாம் 2013-இல் சபை தானே கைவிட்டது. அவ்வாறெனில், 126 ஆண்டுகள் அவ்விளக்கங்களுக்கு ஆதரவாக உயர்ந்த கைகள் எதைத் தாங்கின?

லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன் என்ற பெண்மணியையும் நினைவுகூர்வோம். அறிஞர்கள் மீது தலைமை கொண்ட கடுமையைத் தொகுத்து எழுதியதற்காக 1993 செப்டம்பரில் அவர் சபையினின்று விலக்கப்பட்டார். ஆயினும் 2023-இல் இறக்கும்வரை, முப்பது ஆண்டுகள், தம் ஊர்ச் சபையின் வழிபாட்டிற்குத் தொடர்ந்து சென்றார். அவர் மீண்டும் திருமுழுக்குப் பெற விரும்பியதை உள்ளூர்த் தலைவர்கள் ஆதரித்தும், 2019-இல் தலைமை இசையவில்லை. விலக்கப்பட்டவருக்குக் கை உயர்த்தும் உரிமை இல்லை. சுற்றிலும் கைகள் எழும்போது தம் கையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்த அவரைவிட, அச்சபையைத் தாங்கியவர் வேறு யார்?

சொந்தக் காலில் நிற்பவர்

ஐயம் என்பதாலேயே அது புனிதமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காயம்பட்ட தன்முனைப்பும் ஐயத்தின் உடையில் வரும், சோம்பலும் வரும். தலைவர்களும் தவறியதுண்டு என்று 2013 அக்டோபர் மாநாட்டில் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட டீட்டர் உக்டோர்ஃப், அதே உரையில், நம்பிக்கையை ஐயுறும் முன் ஐயங்களையே ஐயுற்றுப் பார்க்குமாறும் கேட்டுக்கொண்டார். இது நேர்மையான வேண்டுகோளே. ஆனால் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதலாவதை மறந்து இரண்டாவதை மட்டும் சொல்பவர் வாயை அடைக்கிறார்.

ரிச்சர்டு போல் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1967-இல் மார்மன்களை இரு வகையாகப் பிரித்தார். மார்மன் நூலில் வரும் இரும்புக் கம்பியை இறுகப் பற்றியபடி மூடுபனியில் நடப்போர் ஒரு வகை. அதே நூலில் வரும் திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து வழி தேடுவோர் மறு வகை. முன்னவர்க்கு விடைகள் முக்கியம், பின்னவர்க்குக் கேள்விகள். தாம் இரண்டாம் வகை என்று ஒப்புக்கொண்ட போல், இருவருக்கும் ஒரே சபையில் இடம் உண்டு என்றே வாதாடினார். கம்பியைப் பற்றியவர் இல்லாவிட்டால் சபை சிதறிவிடும். திசை பார்ப்பவர் இல்லாவிட்டால், அது மௌன்டன் மெடோஸுக்கே நேராக நடந்துவிடக்கூடும்.

'தாங்கு' என்ற நம் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. விழாமல் பிடித்துக்கொள்வதும் தாங்குதல். வலியைப் பொறுத்துக்கொள்வதும் தாங்குதல். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது, ஆரோனும் கூரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று கதிரவன் மறையும்வரை அவற்றைத் தாங்கியதைத் திருநூலில் படிக்கிறோம். மோசே கல்லின்மேல் அமர்ந்திருந்தார். தாங்கியவர்கள் தங்கள் சொந்தக் கால்களில் நின்றார்கள். அவர்களும் அவர்மேல் சாய்ந்திருந்தால் மூவரும் விழுந்திருப்பர். தம் மனச்சான்றில் நிற்காத ஒருவரால் எந்தத் தலைவரையும் தாங்க முடியாது. அவர்மேல் சாய்ந்துகொள்ளத்தான் முடியும். சாய்ந்துகொள்பவரைத் தாங்குபவர் என்று எண்ணிக்கொள்வது தலைவர்களுக்கு வழக்கமாக நேரும் மயக்கம்.

மகனுக்காக மன்றாடிய தந்தை ஒருவர், தாம் நம்புவதாகவும், தம் நம்பிக்கையின்மை நீங்க உதவ வேண்டும் என்றும் இயேசுவிடம் ஒரே மூச்சில் கதறியதை மாற்கு எழுதி வைத்திருக்கிறார். இயேசு அந்த இரண்டாம் பாதிக்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மகனை நலமாக்கி அனுப்பினார். நம் மேய்ப்பர்களுக்கு நாம் இசைவு தரும் வேளைகளிலும், இசையத் தயங்கும் வேளைகளிலும், அந்தத் தந்தையின் இரு பாதிகளையும் மறையாது சொல்லும் துணிவை நாம் வேண்டுவோம். அதைக் கேட்கும் பொறுமையை அவர்களுக்காகவும் வேண்டுவோம்.