முந்துவதும் உயர்வதும்

பெங்களூருவின் பன்னேர்கட்டா சாலையில், கல் சுவர்களும் கொடிகள் படர்ந்த நெடிய நடைகூடங்களுமாக அமைந்திருக்கிறது இந்திய மேலாண்மை நிறுவனத்தின் வளாகம். நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு 1973. வளாகத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக்கலை அறிஞர் பாலகிருஷ்ண தோஷி. அந்த வாயிலுக்குள் மாணவராக நுழைய வேண்டும் என்பது இலட்சக்கணக்கான இளைஞர்களின் கனவு. அதற்கு முதற்படி, 'கேட்' எனப்படும் பொதுச் சேர்க்கைத் தேர்வு. அதன் பிறகு எழுத்துத் திறன் சோதனை, நேர்முகத் தேர்வு, முந்தைய கல்வித் தகுதி ஆகிய அனைத்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இந்தத் தேர்வுக்காகப் பெங்களூருவில் பல இளைஞர்கள் பகலில் மென்பொருள் நிறுவனங்களில் உழைத்துவிட்டு, மாலையில் போக்குவரத்து நெரிசலைக் கடந்து பயிற்சி ஆசிரியரின் வகுப்புக்கு வந்து அமர்கிறார்கள். வார விடுமுறை, நண்பர்களின் திருமணம், தாய் தந்தையரைக் காண ஊருக்குச் செல்லும் பயணம் என்று பலவற்றையும் ஓராண்டு காலம் விட்டுக்கொடுக்கிறார்கள். தவம் என்ற சொல்லுக்கு ஓரளவு தகுதியான உழைப்புதான் இது. ஆனால் எதை நோக்கிய தவம்? அவர்கள் அடைய விரும்பும் பலனின் தன்மை என்ன? இதைச் சிந்தித்தால் ஓர் ஆழ்ந்த அறக் கேள்வி எழுகிறது.

எண்ணின் இயல்பு

இத்தேர்வின் முடிவு 'பெர்சன்டைல்' என்ற எண்ணாக அளிக்கப்படுகிறது. இது மதிப்பெண் அன்று. ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் இது நேராகக் கூறுவதில்லை. தேர்வு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் ஒருவருக்குக் கீழே நிற்கிறார்கள் என்பதையே இது கூறுகிறது. 2023 நவம்பரில் சுமார் 2,88,000 பேர் இத்தேர்வை எழுதினார்கள். அவர்களில் 99 பெர்சன்டைல் பெற்றவர் எனில், அவரது தரவரிசை ஏறத்தாழ 2,880 என்று பொருள்.

இதில் ஒரு விந்தை உண்டு. தேர்வு எழுதும் அனைவரும் இன்னும் கடுமையாக உழைத்து, அனைவரின் திறமையும் ஒரே அளவில் உயர்ந்துவிட்டால், ஒருவருடைய எண்ணும் உயராது. தேர்த் திருவிழாவில் முன்வரிசையினர் நுனிக்காலில் எழும்பி நின்றால் பின்வரிசையினரும் அவ்வாறே எழும்புகிறார்கள். கால் வலி எல்லோருக்கும் உண்டு. தேரோ முன்பு தெரிந்த அளவுக்கே தெரிகிறது. ஒருவர் ஏற வேண்டுமானால் மற்றொருவர் இறங்கியே ஆக வேண்டும். இதுவே அந்த எண்ணின் இயல்பு.

அப்படியானால், பிறர் பின்தங்குவதையே வெற்றியாகக் கொள்ளும் ஒரு முயற்சியில், மனத்தூய்மையுடன் ஒருவர் ஈடுபட முடியுமா?

இரண்டு விடைகள்

'போட்டி என்பதே தன்னலம். ஆன்மிக நாட்டம் உள்ளவன் அதிலிருந்து விலக வேண்டும்' என்பது ஒரு விடை. கேட்பதற்கு உயர்வாகத் தோன்றினாலும் இதில் ஒரு குறை இருக்கிறது. இடங்கள் சில, விரும்புவோர் பலர் என்னும்போது யாரையேனும் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். தேர்வு இல்லையேல் குலம், செல்வம், செல்வாக்கு ஆகியவையே அந்த இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும். எழுதுபவரின் பெயரையும் ஊரையும் அறியாமல் விடைகளை மட்டும் மதிப்பிடும் தேர்வு, அவற்றைவிட நியாயமான வழியே. எனவே போட்டியில் கலந்துகொள்வதே பாவம் ஆகாது.

'உலகமே போர்க்களம், வெல்வதே தர்மம்' என்பது இரண்டாவது விடை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இத்தேர்வின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 2003 நவம்பர் 23 அன்று நடைபெற்ற கேட் தேர்வின் வினாத்தாள் முன்கூட்டியே கசிந்து, விலைக்குக் கைமாறியது தெரியவந்தது. தேர்வு இரத்து செய்யப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் 2004 பிப்ரவரியில் மீண்டும் ஒருமுறை தேர்வு எழுத வேண்டியதாயிற்று. எண் ஒன்றே இலட்சியமாகிவிட்டால், வினாத்தாளை விலைக்கு வாங்குவதும் ஒரு 'தயாரிப்பு' ஆகிவிடுகிறது. அது தவறு என்று கூற, எண்ணுக்கு அப்பாற்பட்ட வேறொரு மதிப்பு தேவைப்படுகிறது. வெல்வதே தர்மம் என்பவரிடம் அந்த மதிப்பு இல்லை.

ஆகவே போட்டியைத் துறப்பதும் போட்டியை வழிபடுவதும் விடை ஆகமாட்டா. போட்டிக்குள் இருந்துகொண்டே, அதற்கு அடிமையாகாத ஒரு நிலை உண்டா என்பதையே ஆராய வேண்டும்.

பகிர்ந்தால் குறைவது, பகிர்ந்தால் குறையாதது

தேர்வுக்குத் தயாராகும் ஒருவருக்கு இரண்டு வகையான பலன்கள் கிடைக்கின்றன. தரவரிசையில் ஓர் இடம் முதல் வகை. அதை ஒருவர் பெற்றால் மற்றொருவர் பெற முடியாது. உழைப்பினால் அவருள் வளரும் தகுதி இரண்டாவது வகை. அது பிறரிடம் இருப்பதனால் இவரிடம் குறைவதில்லை.

இரண்டாவது வகையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இத்தேர்வில் மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் தவறு செய்தால் 1 மதிப்பெண் கழிக்கப்படும். ஆகவே, தெரியாததைத் தெரியாது என்று உடனே ஒப்புக்கொண்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் பக்குவம் வேண்டும். 'இவ்வளவு நேரம் செலவிட்டுவிட்டேனே' என்ற பற்றினால் ஒரு கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பவர் மற்ற கணக்குகளை இழக்கிறார். முயற்சியில் உறுதி வேண்டும், ஆனால் பிடிவாதம் கூடாது என்ற பாடம் இங்கே கைவழியாகக் கற்பிக்கப்படுகிறது. படித்துணரும் பகுதியில், தமக்கு உடன்பாடில்லாத ஒரு கருத்தையும் பொறுமையுடன் படித்து, ஆசிரியர் உண்மையில் என்ன கூறுகிறார் என்பதை மட்டும் அறிய வேண்டியிருக்கிறது. தம் விருப்பத்தை ஒதுக்கிவைத்துப் பிறர் சொல்வதைக் கேட்பது சிறிய பண்பு அன்று.

மாதிரித் தேர்வில் தவறிய விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஏன் தவறினோம் என்று இரவுதோறும் பார்ப்பவர், உண்மையில் தம் மனத்தையே பார்க்கிறார். அவசரத்தால் தவறியவை எத்தனை, அகந்தையால் தவறியவை எத்தனை என்று பிரித்தறியக் கற்கிறார். இந்தப் பயிற்சி தேர்வோடு முடிந்துபோவதில்லை.

நண்பன் போட்டியாளனா?

ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்குக் கணக்கு விளங்குகிறது, மற்றவருக்கு விளங்கவில்லை. விளக்கினால் அவன் தன்னை முந்திவிடுவானோ என்ற அச்சம் எழுகிறது. இந்த அச்சத்தை முதலில் கணக்காலேயே சோதிக்கலாம். 2,88,000 பேர் எழுதும் தேர்வில் ஒரு நண்பர் முந்துவதால் ஒருவர் இழப்பது, ஒரு பெர்சன்டைலில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு தசம இடங்களில் அளிக்கப்படும் அந்த எண்ணில் இது பெரும்பாலும் தென்படவே செய்யாது. பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பகைவராகக் கருதுவது அறத்தில் பிழையாவதற்கு முன்பே, கணக்கில் பிழை.

ஆனால் அறத்தை இந்தக் கணக்கின்மீது மட்டுமே நிறுத்திவிடவும் கூடாது. மிக அரிதாகவேனும், கடைசி இடம் ஒன்றுக்கு அந்த நண்பர்கள் இருவர் மட்டுமே எஞ்சி நிற்கும் நிலை வரலாம். கற்பித்தவர் வெளியிலும் கற்றவர் உள்ளேயும் நிற்க நேரலாம். அப்போதும் கற்பித்தது சரிதானா? சரிதான். கற்பித்தவர் இழந்தது ஓர் இடம். நண்பன் அறியாமையிலேயே இருக்கட்டும் என்று விரும்பியிருந்தால், தம் மனத்தின் நேர்மையையே அவர் இழந்திருப்பார். இடத்தை அடுத்த ஆண்டு பெறலாம், அல்லது வேறு நிறுவனத்தில் பெறலாம். பிறர் தாழ்வை விரும்பப் பழகிய மனத்தை மீட்பது அவ்வளவு எளிதன்று. இழப்பே இல்லை என்று சொல்லி ஒருவரை நல்லவராக்க முடியாது. இழப்பு நேரக்கூடும் என்று அறிந்தும் கைகொடுப்பதில்தான் நன்மையின் வலிமை இருக்கிறது.

ஆசிரியரின் கடன்

இதில் ஆசிரியரின் பங்கு என்ன? பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாகக் காட்டுகிறது. ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அது கூறும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வளைந்து சென்று அடுத்தவர் தோட்டத்தில் காய்களை உதிர்க்கும் தென்னை அது.

கட்டணம் பெற்றுக் கற்பிப்பது இழிவன்று. உழைப்புக்கு ஊதியம் நியாயமானதே. ஆயினும் பயிற்சி ஆசிரியருக்கு ஒரு தனிச் சோதனை உண்டு: மாணவரின் நம்பிக்கை நீடிக்கும் வரையில்தான் அவருக்கு வருமானம் நீடிக்கும். மூன்றாம் முறையும் எழுத வந்திருக்கும் ஒருவர், பணியை விட்டுவிட்டு, தந்தையின் சேமிப்பைக் கட்டணமாகச் செலுத்த முன்வருகிறார் என்று கொள்வோம். அவருடைய மாதிரித் தேர்வுகள் ஈராண்டுகளாக ஒரே நிலையில் இருக்கின்றன. 'நிச்சயம் முடியும்' என்பது இனிய சொல். 'பணியை விட வேண்டாம். இந்தப் பாதை உமக்கு ஏற்றதுதானா என்று ஒருமுறை சிந்தித்துப் பாரும்' என்பது கசப்பான சொல். துலாக்கோல் போன்றவர் இரண்டாவதையே கூறுவார். எடை பார்க்கும் கோல், பொருளின் சொந்தக்காரர் மனம் வருந்துமே என்று முள்ளைச் சாய்ப்பதில்லை. மாணவர் தம் முடிவைத் தாமே எடுக்கட்டும். ஆனால் உண்மையை அறிந்து எடுக்கட்டும்.

ஆசிரியரின் நிலையிலிருந்து மற்றொன்றும் விளங்கும். அவர் முன் அமர்ந்திருக்கும் அனைவரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆயினும் அனைவருக்கும் ஒரே பாடத்தை ஒரே அன்புடன் அளிக்க அவரால் இயலும். போட்டி நடக்கும் அறையிலேயே போட்டியற்ற ஓர் உறவும் இருக்கிறது என்பதற்கு அவரே சான்று.

வென்றவருக்கும் உரியது

தேர்வு எழுதுபவர்களில் மிகப் பெரும்பாலோர் விரும்பிய நிறுவனத்தை அடைவதில்லை. எண் மட்டுமே பலன் என்றால், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான இளைஞர்களின் ஓராண்டு வீணாகிறது என்றே கொள்ள வேண்டும். உள்ளே வளர்ந்த தகுதியும் பலன் என்றால், உண்மையாக உழைத்த ஒருவருடைய ஆண்டும் வீணாவதில்லை.

ஆனால் இதைத் தோற்றவருக்குச் சொல்லும் ஆறுதலாக மட்டும் கொள்வது சரியன்று. இந்த உண்மை வென்றவருக்கு இன்னும் அதிகமாகத் தேவை. நல்ல பள்ளி, ஆங்கிலம் புழங்கும் வீடு, பயிற்சிக் கட்டணம் செலுத்தும் வசதி ஆகிய பலவும் அவருடைய எண்ணுக்குள் மறைந்திருக்கின்றன. அவை அவருடைய உழைப்பு அல்ல; பிறர் அவருக்கு அளித்தவை. இதை உணர்ந்தவர் நாளை நிர்வாகியாகும்போது, தமக்குக் கீழே பணிபுரிபவர்களை எண்களாகக் காணமாட்டார். உணராதவர், மனிதர்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்துவதையே வாழ்நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பார்.

கடோபநிஷதத்தில் நசிகேதன், பலரிடையே தான் முதல்வன், பலரிடையே இடைப்பட்டவன் என்று தன் இடத்தை எண்ணிப் பார்க்கிறான். தன் நிலையை மறைக்காமல் அறிந்துகொள்வது தவறன்று. அவனுடைய பெருமை, அந்த எண்ணிக்கையோடு அவன் நின்றுவிடாததில் இருக்கிறது. யமனின் வாயிலை அடைந்த பிறகு, தான் எத்தனையாவது என்று அவன் கேட்கவில்லை. உண்மை எது என்றே கேட்டான்.

நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் இரவில் புத்தகத்தை மூடும்போது தம்மிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: 'இத்தேர்வை வேறு ஒருவருமே எழுதப்போவதில்லை என்றாலும், இன்று கற்றது கற்கத் தகுந்ததுதானா?' ஆம் என்ற விடை வருமானால், முடிவு வெளியாகும் நாளில் எந்த எண் வந்தாலும் அந்த நாளின் உழைப்பு அவருடையதே.